பேஸ் கிட்டாரில் ஸ்ட்ராப் பட்டன் ஆடினால்: பிடிப்பு விட்ட ஸ்க்ரூவைச் சரிசெய்யும் முறை

பேஸ் கிட்டாரின் எடை பொதுவாக 3.5 கிலோவிலிருந்து 5 கிலோ வரை இருக்கும். நின்று வாசிக்கும்போது அந்த எடை முழுவதையும், தோளில் போடும் ஸ்ட்ராப்பை மாட்டுகிற இரண்டு பட்டன்களை மரத்தோடு பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூக்கள்தான் தாங்குகின்றன. ஒன்று மேல் கொம்பின் (பாடியிலிருந்து நெக் பக்கமாக நீண்டிருக்கும் மேல்பகுதியின்) நுனியில், மற்றொன்று பாடியின் அடிப்பக்கத்தில். ஸ்க்ரூ எவ்வளவு நீளமாகத் தெரிந்தாலும் மரத்துக்குள் இறங்கியிருப்பது பல கிட்டார்களில் இரண்டு சென்டிமீட்டர்கூட இருக்காது. அது ஆட ஆரம்பித்துவிட்டால் அடுத்த நிகழ்ச்சி முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். மேல் கொம்புப் பட்டன் பிடுங்கிக்கொண்டால் நெக் பக்கம்தான் முதலில் கீழே போகும், அதன் முனையிலுள்ள ஹெட்ஸ்டாக் தரையில் மோதும். அங்கே விழும் விரிசலைச் சரிசெய்ய ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இந்த வேலைக்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை.

வேலையும் கடினமானதல்ல. கையில் அரை மணி நேரம், பசை காய ஒரு நாள். ஆனால் காரணம் தெரியாமல் ஸ்க்ரூவை மேலும் மேலும் முறுக்குவதும், கையில் கிடைத்த தடித்த ஸ்க்ரூவை ஏற்றுவதும் மிச்சமிருக்கும் மரத்தையும் கெடுத்துவிடும். இந்தப் பழுதில் ஸ்க்ரூ கெட்டிருப்பது அபூர்வம். அதைச் சுற்றியுள்ள மரம்தான் பொடிந்திருக்கும். போன மரத்துக்குப் பதிலாக மரத்தையே வைக்க வேண்டும். கீழே சொல்லும் முறைகள் எல்லாமே அதைத்தான் செய்கின்றன.

எதனால் தளர்கிறது

ஸ்க்ரூவை நேராக வெளியே இழுக்கும் விசை இங்கே குறைவு. ஸ்ட்ராப் பட்டனைப் பக்கவாட்டில் இழுக்கிறது. பட்டன் ஒரு சிறு நெம்புகோலாக மாறி, ஸ்க்ரூவின் மேல்பகுதியை ஒரே திசையில் அழுத்திக்கொண்டே இருக்கிறது. துளையின் வாய் மெல்ல மெல்ல முட்டை வடிவமாகிறது. வாய் அகன்றதும் ஸ்க்ரூ ஆடும், ஆட ஆட உள்ளே மரத்தில் வெட்டியிருக்கும் மரை பொடியாகும்.

இதை விரைவுபடுத்தும் காரணங்கள் சில உண்டு. விலை குறைந்த பேஸ்களில் பாஸ்வுட், பாப்லர் போன்ற மென்மையான மரங்கள் அதிகம்; ஆல்டர், ஆஷ், மேப்பிள் அளவுக்கு அவை மரையைப் பிடித்து வைப்பதில்லை. ஸ்க்ரூவும் குட்டையாக இருக்கும். 25 மி.மீ. ஸ்க்ரூவில் பட்டனின் உயரமும் அதன் அடியில் வைக்கும் ஃபெல்ட் வாஷரும் (மெத்தென்ற துணி வளையம்) சேர்ந்து 11, 12 மி.மீ. எடுத்துக்கொண்டால் மரத்துக்குள் போவது 13 மி.மீ. மட்டுமே. பேஸுக்கு இது போதாது. குறைந்தது 18 மி.மீ. மரத்துக்குள் இருக்க வேண்டும், 25 இருந்தால் நிம்மதி.

அடிப்பக்கப் பட்டனுக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. பாடி மரத்தின் நார்கள் நெக்கின் திசையிலேயே நீளவாக்கில் ஓடுகின்றன. அடிப்பக்கத்தில் ஏறும் ஸ்க்ரூ அந்த நார்களுக்கு இணையாக, அவற்றின் வெட்டுமுனைக்குள் நுழைகிறது. நார்களைக் குறுக்கே கடந்து போகும் ஸ்க்ரூவுக்கு உள்ள பிடிப்பு இதற்குக் கிடைக்காது. அதோடு, பையில் வைத்த பேஸைத் தரையில் நிறுத்தும்போதெல்லாம் இடி விழுவது இந்தப் பட்டனில்தான். மெல்லிய பையில் வைத்துப் பேருந்திலும் வேனிலும் கொண்டுபோகிறவர்களின் பேஸில் அடிப்பட்டன் முதலில் தளர்வதற்கு இதுவே காரணம். பைக்குள் அந்த இடத்தில் ஒரு தடித்த ஃபோம் துண்டு வைத்தாலே பாதிப் பிரச்சினை வராது.

எது ஆடுகிறது என்று முதலில் பாருங்கள்

ஸ்ட்ராப்பைக் கழற்றிவிட்டு, மேசையில் ஒரு தடித்த துண்டை விரித்து பேஸைப் படுக்க வையுங்கள். நெக்கின் கீழே சுருட்டிய துணி ஒன்றை முட்டுக்கொடுங்கள். தந்திகளைக் கழற்ற வேண்டியதில்லை. பட்டனை இரண்டு விரலால் பிடித்து அசைத்துப் பார்த்துவிட்டு, ஸ்க்ரூ தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவரால் மெதுவாகத் திருகிப் பாருங்கள். பெரும்பாலான பட்டன்களுக்கு இரண்டாம் நம்பர் பிலிப்ஸ் பொருந்தும். சின்ன முனையால் திருகினால் தலையின் பள்ளம் தேய்ந்து இன்னொரு பழுதாகும்.

அரைச்சுற்று, ஒரு சுற்று போனதும் கெட்டியாக நின்றுவிட்டால் மரம் நன்றாக இருக்கிறது, வெறும் தளர்வுதான். ஃபெல்ட் வாஷர் நசுங்கி மெலிந்ததால் ஏற்பட்ட தளர்வாக இருக்கலாம். வாஷரை மாற்றி, இறுக்கி, ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அவ்வளவுதான் வேலை.

எவ்வளவு திருகினாலும் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால், அல்லது இறுகுவதுபோல் வந்து 'லொடக்' என்று விட்டுவிட்டால், மரத்தின் மரை போய்விட்டது. ஸ்க்ரூவை வெளியே எடுத்துப் பாருங்கள். அதன் பள்ளங்களில் மரத்தூளும் நாரும் அடைத்திருக்கும்.

மூன்றாவது வகைதான் பலரைக் குழப்புகிறது: ஸ்க்ரூ அசையாமல் இறுகி நிற்கிறது, பட்டன் மட்டும் ஆடுகிறது. துளையின் ஆழத்தைவிட ஸ்க்ரூ நீளமாக இருந்தால் நுனி அடியில் முட்டி நின்றுவிடும், தலை பட்டனைத் தொட்டு அழுத்தாது. அல்லது ஸ்க்ரூவின் தலை பட்டனின் குழிக்குப் பொருந்தாத வடிவமாக இருக்கும். முதல் காரணமென்றால் துளையை ஆழப்படுத்த வேண்டும். இரண்டாவதென்றால் குழியில் சரியாக உட்காரும் ஸ்க்ரூ வாங்க வேண்டும். இந்த நிலையில் பலவந்தமாக முறுக்கினால் ஸ்க்ரூ உள்ளேயே முறியும்.

ஸ்க்ரூவை எடுத்த கையோடு இரண்டு அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பல்குச்சியைத் துளைக்குள் விட்டு ஆழத்தை அளவுங்கள். ஸ்க்ரூவைப் பட்டனிலும் வாஷரிலும் கோர்த்து, வாஷருக்கு வெளியே எத்தனை மி.மீ. நீள்கிறது என்று பாருங்கள். துளையின் வாயைச் சுற்றி விரிசல் ஏதும் ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பதும் அவசியம். மேற்பூச்சில் மட்டும் உள்ள மயிரிழைக் கீறல் பரவாயில்லை. மரத்திலேயே பிளவு இருந்து, விரலால் அழுத்தும்போது அது திறந்து மூடினால், முதலில் அந்தப் பிளவுக்குள் பசை ஏற்றி கிளாம்ப் போட்டு ஒட்ட வேண்டும். மேற்கொண்டு எதுவும் அதற்குப் பிறகுதான்.

சின்னப் பழுதுக்கு: குச்சியும் மரப்பசையும்

துளை இன்னும் வட்டமாகவே இருந்து, ஸ்க்ரூ லேசாக வழுக்குகிறது என்றால் இந்த முறை போதும். சரியாகச் செய்தால் பல ஆண்டுகள் நிற்கும்.

பசை என்றால் தச்சர்கள் பயன்படுத்தும் மரப்பசை. நம் ஊர்களில் ஃபெவிகால், வெளிநாடுகளில் டைட்பாண்ட். காகிதம் ஒட்டும் பள்ளிக்கூடப் பசை வேண்டாம். குச்சி விஷயத்தில் கொஞ்சம் கவனம் தேவை. கடையில் கிடைக்கும் பல்குச்சிகளில் பெரும்பாலானவை மூங்கில். உறுதியானவை, ஆனால் வழுவழுப்பான தோல் பசையை எளிதில் உள்ளே விடாது. உப்புத்தாளில் ஒருமுறை உருட்டித் தேய்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். தீக்குச்சியும் ஆகும். ஆனால் தீ நன்றாகப் பற்றுவதற்காக மருந்துப் பக்கத்தை மெழுகில் தோய்த்திருப்பார்கள், மெழுகேறிய மரத்தில் பசை பிடிக்காது. எனவே மருந்து முனையோடு பாதிக் குச்சியை வெட்டி எறிந்துவிட்டு மறுபாதியை மட்டும் எடுங்கள். எல்லாவற்றையும்விட நல்லது தட்டையான மர ஐஸ்கிரீம் குச்சி. அதைப் பிளேடால் நீளவாக்கில் சீவினால் துளைக்கு ஏற்ற கனத்தில் சில்லுகள் கிடைக்கும்.

1. துளையைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, துளை இருக்கும் இடத்தை மட்டும் வெட்டி எடுங்கள். உள்ளே உள்ள தூளை ஊதியோ மெல்லிய பிரஷ் கொண்டோ வெளியேற்றுங்கள். முன்பு யாராவது மெழுகோ எண்ணெயோ தடவியிருந்தால், சுருட்டிய உப்புத்தாளை உள்ளே விட்டுச் சுரண்டி புது மரம் தெரியும்படி செய்யுங்கள்.

2. பசை இல்லாமல் குச்சிகளை வைத்துப் பாருங்கள். 3.5 மி.மீ. துளையில் 2 மி.மீ. பல்குச்சி ஒன்றும் அதன் பக்கத்தில் ஒரு சீவிய சில்லும் போகும். அகன்றிருந்தால் மூன்று, நான்குகூடப் பிடிக்கும். அடிவரை போக வேண்டும், விரலால் அழுத்தினால் இறுக்கமாக நிற்க வேண்டும். இதைப் பார்த்துக்கொண்ட பிறகு எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்.

3. ஒரு குச்சியின் நுனியால் துளையின் சுவர் முழுவதும் பசை தடவுங்கள். குச்சிகளிலும் பசை பூசி, ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி, கடைசிக் குச்சியைச் சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். வெளியே பிதுங்கும் பசையை ஈரத்துணியால் உடனே துடையுங்கள்.

4. 24 மணி நேரம் விடுங்கள். மழைக்காலத்தில், காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில், இன்னும் அரை நாள் சேர்த்துக்கொள்வது நல்லது. தொட்டால் காய்ந்ததுபோல் ஒரு மணி நேரத்திலேயே தோன்றும். ஆனால் துளையின் அடியில் காற்று படாத பசைக்கு அது போதாது.

5. வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் கூர்மையான உளியாலோ பிளேடாலோ மட்டமாகச் சீவுங்கள். ஒடித்தெடுத்தால் உள்ளேயிருந்து நார் பிய்ந்து வரும்.

6. நடுவில் ஒரு கூர்முனையால் குத்தி அடையாளம் வைத்து, 2 மி.மீ. பிட்டால் வழித்துளை (ஸ்க்ரூ இறங்க வழிகாட்டும் மெல்லிய துளை) போடுங்கள். மூங்கிலுக்கும் பசைக்கும் இடையில் பிட் பக்கம் சாயப் பார்க்கும். அதனால் மெதுவான வேகத்தில், ட்ரில்லை அதிகம் அழுத்தாமல் போடுங்கள்.

பசை ஈரமாக இருக்கும்போதே ஸ்க்ரூவை ஏற்றிவிடச் சொல்கிறவர்களும் உண்டு. மரை அழகாகப் பதியும் என்பது உண்மை. ஆனால் ஸ்க்ரூவும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை கழற்றும்போது செய்த வேலை முழுவதும் அதோடு வெளியே வந்துவிடும். காய்ந்த பின் வழித்துளை போடுவதே மேல்.

பெரிய பழுதுக்கு: மரமுளை

துளையின் வாய் 5 மி.மீ.க்கு மேல் அகன்றுவிட்டது, அல்லது குச்சி வைத்தியம் ஏற்கெனவே ஒருமுறை தோற்றுவிட்டது, அல்லது பேஸ் கனமானது, மேடையில் துள்ளி வாசிப்பவர் என்றால் குச்சியோடு போராட வேண்டாம். பழைய துளையைச் சுத்தமாகக் குடைந்தெடுத்து, கடின மரத்தாலான முளையை ஒட்டிவிடுவது நல்லது. புதிய துளை, புதிய மரை, பெரும்பாலும் தொழிற்சாலையில் செய்ததைவிட உறுதியாகவே இருக்கும்.

ஹார்டுவேர் கடையில், குறிப்பாக மாடுலர் கிச்சன் சாமான் விற்கும் இடத்தில், டவல் பின் என்று கேளுங்கள். 8 மி.மீ. விட்டம், 30 மி.மீ. நீளம் என்பது எளிதாகக் கிடைக்கும் அளவு. பீச் மரத்தில் செய்தது, பக்கங்களில் நீளவாக்கில் வரிப்பள்ளம் போட்டிருக்கும். தச்சரிடம் கேட்டால் தேக்குத் துண்டு தரக்கூடும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்த்தன்மை இருப்பதால் பசை பிடிப்பு குறையும். வேறு வழியில்லை என்றால் தின்னரால் துடைத்து, அது ஆவியானவுடன் ஒட்டுங்கள்.

ஏன் 8 மி.மீ.? பேஸுக்குப் பொருத்தமான எட்டாம் நம்பர் ஸ்க்ரூவின் வெளிவிட்டம் சுமார் 4.2 மி.மீ. 8 மி.மீ. முளையில் அது இறங்கினால் எல்லாப் பக்கமும் ஏறக்குறைய 2 மி.மீ. மரம் மிஞ்சும். 6 மி.மீ. முளையில் ஒரு மி.மீ.கூட மிஞ்சாது, முளையே பிளந்துவிடும். துளை மிகவும் சிதைந்திருந்தால் 10 மி.மீ. போகலாம், ஆனால் மேல் கொம்பு மெலிதாக உள்ள பேஸில் அது வேண்டாம், கொம்பே நீளவாக்கில் பிளக்க வாய்ப்பு உண்டு. 8 மி.மீ. முளை ஃபெல்ட் வாஷருக்கு அடியில் முழுவதும் மறைந்துவிடும் என்பதால் தோற்றம் கெடாது. உங்கள் வாஷரின் விட்டத்தை ஒருமுறை அளந்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

குடைவதற்கு முன் கட்டாயம் செய்ய வேண்டிய ஒன்று: பின்பக்க மூடியையோ கன்ட்ரோல் பிளேட்டையோ கழற்றி, உட்குழி எதுவரை வருகிறது என்று ஸ்கேலால் அளப்பது. ஜாக் பாடியின் ஓரத்தில் இருக்கும் பேஸ்களிலும், பேட்டரிப் பெட்டி உள்ள ஆக்டிவ் பேஸ்களிலும் அடிப்பட்டனுக்கு அருகில் வெற்றிடம் இருக்கக்கூடும். உள்ளே கூடாக உள்ள ஹாலோபாடி பேஸ்களில் பட்டன் ஒரு சிறு மரக்கட்டையில்தான் பிடித்திருக்கும். அவற்றைக் குடையும் வேலையைக் கிட்டார் பழுதுபார்ப்பவரிடமே விடுங்கள்.

டேப்பை ஒட்டியபின், பிட்டின் நுனியிலிருந்து 32 மி.மீ. தள்ளி பிட்டிலும் ஒரு டேப் துண்டைக் கொடிபோல் சுற்றுங்கள். அது மேற்பரப்பைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். மரத்துக்கான கூர்முனை பிட்டுக்கு நடுவில் ஊன்றிக்கொள்ளக் கெட்டியான மரம் தேவை. இங்கே நடுவில் ஏற்கெனவே துளை இருப்பதால் அது தள்ளாடும். இரண்டு வழி உண்டு. துளையில் பசையோடு ஒரு குச்சியை அடைத்துக் காயவிட்டு அதன் நடுவில் பிட்டை ஊன்றலாம். அல்லது சாதாரண பிட்டில் 4, 5, 6, 7, 8 என்று படிப்படியாகப் பெரிதாக்கலாம். இரண்டாவது வழியில் நாள் மிச்சமாகும். முதலாவதில் மையம் பிசகாது. துளை முட்டை வடிவமாகியிருந்தால் முதலாவதுதான் சரி, ஏனென்றால் படிப்படியாகப் பெரிதாக்கும்போது பிட் அகன்ற பக்கமே ஓடும்.

கனமான பாலியூரிதேன் மேற்பூச்சில் பிட் நேரடியாகக் கடித்தால் ஓரம் சில்லுசில்லாகப் பெயரும். இதைத் தவிர்க்க, 8 மி.மீ. பிட்டை வைத்தபின் ட்ரில்லை முதலில் பின்னோக்கிச் சுழலவிட்டு, பூச்சில் மட்டும் ஒரு வட்டம் பதியச் செய்யுங்கள். பிறகு முன்னோக்கி ஓட்டுங்கள். ட்ரில் மேற்பரப்புக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று ஒரே ஆள் இரண்டு பக்கமும் பார்க்க முடியாது. பக்கத்திலிருந்து இன்னொருவர் பார்த்துச் சொன்னால் கோணல் வராது. கொம்பு வளைந்திருப்பதால் அங்கே இது இன்னும் முக்கியம். கோணலான துளையில் பட்டனின் ஒரு விளிம்பு மட்டுமே பாடியில் அழுந்தும், மறுவிளிம்பு தூக்கி நிற்கும், சில மாதங்களில் மறுபடி ஆட்டம் தொடங்கும்.

முளையைப் பசையில்லாமல் வைத்துப் பார்த்து, கையால் அழுத்தினால் முக்கால்வாசி போகிறது என்றால் பொருத்தம் சரி. துளையின் சுவரில் மெல்லிய பூச்சாகப் பசை, முளையிலும் மெல்லிய பூச்சு. பசையைக் குளம்போல் ஊற்ற வேண்டாம். வரிப்பள்ளம் இல்லாத முளையாக இருந்தால் கத்தியால் நீளவாக்கில் ஒரு காடி கீறிக்கொள்ளுங்கள். அடைபட்ட காற்றும் பசையும் வெளியேற வழியில்லாமல் போனால் முளை பாதியில் நின்றுவிடும். மேலும் அடித்தால் பாடி விரியும். ரப்பர் சுத்தியலால் தட்டும்போது பாடி துணிமூட்டையில் நன்றாகப் பதிந்திருக்கட்டும். நெக்கோ ஹெட்ஸ்டாக்கோ தரையில் ஊன்றி நிற்கக் கூடாது.

24 மணி நேரம் கழித்து, முளை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மிச்சத்தை மெல்லிய ரம்பத்தால் அறுத்து உளியால் மட்டம் செய்யுங்கள். முளை மேற்பரப்பைவிட ஒரு நூலளவு தாழ்ந்திருக்கலாம், உயர்ந்திருக்கக் கூடாது. நிமிர்ந்து நிற்கும் முளையில் வாஷர் உட்கார்ந்தால் பட்டன் அதன் மேல் ஊசலாடும்.

இனி வழித்துளை. ஆறாம் நம்பர் ஸ்க்ரூவுக்கு 2.5 மி.மீ., எட்டாம் நம்பருக்கு 3 மி.மீ. சந்தேகம் இருந்தால் பிட்டை ஸ்க்ரூவின் முன்னால் பிடித்துப் பாருங்கள்: ஸ்க்ரூவின் நடுத்தண்டு பிட்டுக்குப் பின்னால் மறைய வேண்டும், மரையின் விளிம்புகள் மட்டும் இருபக்கமும் தெரிய வேண்டும். ஆழம், ஸ்க்ரூ மரத்துக்குள் போகும் நீளத்தைவிட 2 மி.மீ. கூடுதல். வழித்துளை இல்லாமல் ஏற்றினால் முளை பிளக்கும். மிக அகலமாகப் போட்டால் செய்த வேலை அத்தனையும் வீண்.

ஒரு நுணுக்கம் சொல்ல வேண்டும். கடையில் வாங்கும் முளையில் நார் நீளவாக்கில் ஓடுவதால் ஸ்க்ரூ இங்கேயும் நாருக்கு இணையாகத்தான் இறங்குகிறது. பிளக் கட்டர் வைத்திருக்கும் தச்சர் கிடைத்தால், கடின மரப்பலகையிலிருந்து குறுக்கு நார் கொண்ட முளை வெட்டித் தரச் சொல்லலாம்; பிடிப்பு கூடும். கிடைக்காவிட்டால் கவலைப்பட வேண்டாம். பீச்சில் 20 முதல் 25 மி.மீ. வரை ஸ்க்ரூ இறங்கியிருந்தால் பேஸின் எடைக்குத் தாராளம்.

ஸ்க்ரூவைத் தேர்ந்தெடுப்பது

துளையின் மேல்பகுதி மட்டும் கெட்டிருந்தால், பழைய 25 மி.மீ. ஸ்க்ரூவுக்குப் பதிலாக அதே விட்டத்தில் 32 அல்லது 38 மி.மீ. போட்டாலே அடியிலுள்ள புது மரம் பிடித்துக்கொள்ளும். அதற்கும் வழித்துளையை ஆழப்படுத்த வேண்டும், உட்குழியைப் பார்க்க வேண்டும். நெக் சேரும் இடத்தின் பின்புறத்தில் பட்டன் உள்ள பேஸ்களில் மட்டும் இந்தக் குறுக்குவழி வேண்டாம். அங்கே பழைய ஆழத்தைத் தாண்டினால் நெக்கின் அடிக்கட்டைக்குள் ஸ்க்ரூ போய்விடும். அந்த இடத்தில் ஸ்க்ரூ நாரைக் குறுக்கே கடப்பதால் குச்சி முறையே பெரும்பாலும் நன்றாக நிற்கிறது.

கடையில் அளவைச் சொல்லும் விதம் எளிது: முதலில் நம்பர், அடுத்து நீளம். 8×32 என்றால் எட்டாம் நம்பர், 32 மி.மீ. பட்டனைக் கையோடு எடுத்துப்போய், ஸ்க்ரூ அதன் துளையில் தடையின்றி நுழைகிறதா, தலை குழிக்குள் முழுவதும் அமர்கிறதா என்று அங்கேயே பாருங்கள். ஜிப்சம் பலகைக்குப் போடும் கறுப்பு ஸ்க்ரூ பார்க்கக் கூர்மையாக, உறுதியாகத் தெரியும். ஆனால் அது வளையாமல் சட்டென்று முறியும் வகை. பக்கவாட்டு இழுப்பு உள்ள இந்த இடத்துக்கு ஆகாது.

விட்டத்தை மட்டும் கூட்டி, தடித்த ஸ்க்ரூவைப் பழைய துளையில் ஏற்றுவது பரவலாகச் செய்யப்படுவதுதான். அது மரத்தைப் பக்கவாட்டில் பிதுக்கி விரிசலுக்கு வழிவிடும், பட்டனின் துளையிலும் நுழையாது. இருக்கிற மரத்தைத் தின்று பெறும் பிடிப்பு அது. அடுத்த முறை இன்னும் தடித்தது தேவைப்படும்.

துளைக்குள் போகக் கூடாதவை

எம்-சீல் போன்ற எபாக்ஸிக் களிமண்ணைத் துளையில் அடைப்பவர்கள் உண்டு. தூள் படிந்த சுவரில் அது சரியாக ஒட்டாது. கொஞ்ச நாளில் முழுக்கட்டியாகச் சுழல ஆரம்பிக்கும், பிறகு அதைக் குடைந்தெடுப்பது மரத்தைக் குடைவதைவிடத் தொல்லை. காகிதம், துணி நூல், குழாய்க்குச் சுற்றும் டெஃப்லான் டேப் ஆகியவை ஒரு நிகழ்ச்சியை ஓட்ட உதவலாம், அதற்கு மேல் இல்லை. டெஃப்லான் வழுக்குவதற்கென்றே உள்ள பொருள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சூப்பர் குளூவுக்கு மட்டும் ஒரு நியாயமான இடம் உண்டு. பாஸ்வுட் போன்ற மென்மரத்தில், பழுது பார்த்து மரை வெட்டிய பிறகு, ஸ்க்ரூவை வெளியே எடுத்துவிட்டு நீர்போல் இருக்கும் மெல்லிய வகையில் இரண்டு சொட்டு உள்ளே விட்டால் நார்கள் அதை உறிஞ்சி இறுகும். முழுவதும் காய்ந்த பிறகே ஸ்க்ரூ போட வேண்டும். ஈரத்தில் போட்டால் அது அங்கேயே நிரந்தரம். மேற்பூச்சில் ஒரு துளி பட்டாலும் தழும்பு விழும். நைட்ரோசெல்லுலோஸ் பூச்சுள்ள பழைய பேஸ்களில் அது பூச்சையே கரைக்கும் என்பதால் அங்கே தொடவே வேண்டாம். அந்தப் பூச்சில் மாஸ்கிங் டேப்பையும் இரவு முழுவதும் விட்டுவைக்கக் கூடாது.

உள்ளே முறிந்த ஸ்க்ரூ

தலை போய், தண்டு கொஞ்சம் வெளியே தெரிந்தால் குறட்டால் கெட்டியாகப் பிடித்து இடப்பக்கம் சுழற்றி எடுத்துவிடலாம். சூடேற்றிய சால்டரிங் அயர்ன் நுனியை அதன் மேல் அரை நிமிடம் வைத்தால் பழைய மெழுகும் பசையும் இளகிப் பிடிவிடும். மேற்பூச்சில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மரத்துக்குள்ளேயே முறிந்திருந்தால் அதை ட்ரில்லால் துளைக்க முயலாதீர்கள். பிட் இரும்பிலிருந்து வழுக்கி மென்மையான மரத்தைக் கிழிக்கும். முனையில் பற்கள் வெட்டிய சிறு குழாய் போன்ற எடுப்பான் இதற்கென்றே கிடைக்கிறது. அது ஸ்க்ரூவைச் சுற்றியுள்ள மரத்தை வளையமாக அறுத்து, ஸ்க்ரூவோடு வெளியே கொண்டுவரும். அப்படி விழும் குழியை மேலே சொன்ன மரமுளையால் அடைக்கலாம். குழியின் விட்டத்தை அளந்துவிட்டு முளை வாங்குங்கள்.

பட்டனை மாட்டுவது

ஸ்க்ரூவின் மரையில் மெழுகுவத்தியைத் தேய்த்துக்கொள்ளுங்கள். சோப்பும் வழுக்கும், ஆனால் ஈரத்தை இழுத்து ஸ்க்ரூவைத் துருப்பிடிக்க வைக்கும். முதலில் பட்டன் இல்லாமல் ஸ்க்ரூவை மட்டும் கையால் ஏற்றி மரை வெட்டுங்கள்: அரைச்சுற்று உள்ளே, கால்சுற்று வெளியே, மறுபடி அரைச்சுற்று உள்ளே என்று போனால் மரத்தூள் அடைபடாது. வழியில் கடினமாக நின்றால் பலம் காட்ட வேண்டாம். வெளியே எடுத்து, வழித்துளையின் ஆழத்தையும் விட்டத்தையும் சரிபாருங்கள். மின்சார ஸ்க்ரூ டிரைவரை இந்த வேலையில் பயன்படுத்தக் கூடாது. மரை போவதற்கு அதன் கடைசி அரை நொடி போதும்.

பிறகு ஸ்க்ரூ, பட்டன், ஃபெல்ட் வாஷர் என்ற வரிசையில் கோர்த்து ஏற்றுங்கள். புதிதாகத் தொடங்காமல், வெட்டிய மரையிலேயே ஸ்க்ரூவை உட்கார வைக்க, முதலில் இடப்பக்கம் மெதுவாகச் சுழற்றுங்கள். ஒரு இடத்தில் 'டக்' என்று லேசாக விழுவது கையில் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் திருகுங்கள். வாஷர் அழுந்தி, விரலால் பட்டனைச் சுழற்ற முடியாத நிலை வந்ததும் கால்சுற்று கூடுதல், அதோடு நிறுத்துங்கள்.

தோளில் மாட்டிச் சோதிக்க வேண்டாம். மெத்தையின் மேல் பேஸைத் தாழ்வாகப் பிடித்து, ஸ்ட்ராப்பைப் பட்டனில் மாட்டி, வாசிக்கும்போது இழுபடும் அதே திசையில் பலமுறை வெடுக்கென்று இழுங்கள். பட்டனின் விளிம்புக்கும் வாஷருக்கும் இடையே இடைவெளி திறக்கவில்லை என்றால் வேலை முடிந்தது. புது ஃபெல்ட் முதல் வாரத்தில் கொஞ்சம் நசுங்கும், எனவே அதன்பின் ஒருமுறை இறுக்குங்கள். தந்தி மாற்றும் ஒவ்வொரு முறையும் பட்டனை விரலால் அசைத்துப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டால் அடுத்த தளர்வு ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும்.

ஸ்ட்ராப் லாக் போடுகிறவர்களுக்கு

ஸ்ட்ராப் லாக் ஸ்ட்ராப்பைப் பட்டனிலிருந்து நழுவவிடாது. பட்டனை மரத்தோடு பிடித்து வைப்பது அதன் வேலையல்ல. பல வகைகள் சாதாரணப் பட்டனைவிட வெளியே நீண்டு நிற்பதால் நெம்புகோலின் கை நீள்கிறது, ஸ்க்ரூ மீது பக்கவாட்டு அழுத்தம் கூடுகிறது. ஆகவே ஆடும் ஸ்க்ரூவின் மேல் லாக் மாட்டுவதில் பயனில்லை. மேலே சொன்ன பழுதைச் சரிசெய்துவிட்டு, 32 மி.மீ.க்குக் குறையாத ஸ்க்ரூவோடு மாட்டுங்கள்.

லாக்கோடு வரும் ஸ்க்ரூ பழையதைவிட மெலிதாக இருந்தால் பழைய துளையில் அது பிடிக்காது. பழைய ஸ்க்ரூவையே போடலாமென்றால் தலையைப் பார்க்க வேண்டும். டன்லப் வகையில் ஸ்ட்ராப் பக்கமுள்ள ஊசி பட்டனின் நடுக்குழிக்குள் நுழைந்து பூட்டிக்கொள்கிறது. ஸ்க்ரூவின் தலை குழியில் உயர்ந்து நின்றால் ஊசி முழுவதும் இறங்காது; பூட்டியதுபோல் தோன்றி, நிகழ்ச்சி நடுவில் கழன்றுவிடும். பூட்டியபின் ஒவ்வொரு முறையும் ஸ்ட்ராப்பை நேராக வெளியே ஒரு இழு இழுத்துப் பாருங்கள். ஷாலர் வகையில் ஸ்ட்ராப் தோலை இறுக்கிப் பிடிக்கும் நட்டுதான் அதிர்வில் தளரும். அதன் மரையில், மரை தளராமல் பிடித்துவைக்கும் த்ரெட்லாக்கர் திரவத்தில் கழற்றக்கூடிய நீல நிற வகையை ஒரு துளி வைத்து ஸ்பேனரால் இறுக்குங்கள். சிவப்பு வகையைப் போட்டால் பின்னர் கழற்றச் சூடேற்ற வேண்டியிருக்கும், அது தோல் ஸ்ட்ராப்பைக் கருக்கிவிடும். இந்த த்ரெட்லாக்கர் இரும்போடு இரும்பு சேரும் இடத்துக்கு மட்டும். மரத்துக்குள் போகும் ஸ்க்ரூவில் அதைத் தடவ வேண்டாம்.